ஹெஸ்ஸே காட்டும் வழி: ஜெர்மானியச் சிற்றரசை மானத்தோடு ஆடுதல் பற்றி ஓர் ஆராய்ச்சி

1444-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாளில் தொடங்கி 1821 வரை நீளும் காலப்பரப்பில், ஏதேனும் ஒரு நாட்டின் ஆட்சிப் பொறுப்பை ஆடுவோன் கையில் ஒப்படைக்கும் ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ்’ என்னும் கணினி ஆட்டத்தின் நான்காம் பாகம், சுவீடன் தேசத்துப் பாரடாக்ஸ் நிறுவனத்தாரால் 2013-இல் வெளியிடப்பெற்ற நாள்தொட்டுப் பெரும்பாலும் சாம்ராஜ்ய விஸ்தரிப்புக்குரிய கருவியாகவே கையாளப்பட்டு வந்திருக்கிறது. பிரான்ஸையோ ஆட்டோமான் சுல்தானியத்தையோ தேர்ந்துகொள்பவன் விஸ்தரிப்பை நாடுவது இயல்பே. ஆனால் புனித ரோமப் பேரரசின் நிழலில் வாழ்ந்த ஜெர்மானியச் சிற்றரசு ஒன்றைத் தேர்ந்துகொள்பவனும் அதே நோக்கத்தோடு அண்டை நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கத் தொடங்குவானாயின், அந்நாட்டின் பெயர் மட்டுமே எஞ்சி, அதன் வாழ்க்கை முறை முற்றும் மறைந்துவிடுகிறது. அத்தகைய நாடுகள் படைவலியில் மிகக் குறைந்தும் நூற்றாண்டுகள் பல நிலைத்து நின்றதற்குக் காரணமான சட்ட ஒழுங்கை உள்ளிருந்து அறிவதற்கு, அவற்றை மானத்தோடு ஆடுவதே நேரிய வழி என்பதை ஹெஸ்ஸே நாட்டை உதாரணமாகக் கொண்டு நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

மானத்தோடு ஆடுவது என்பதில் நான்கு கடமைகள் அடங்கும்: செய்த உடன்படிக்கையைக் காத்தல், காக்க இயலாத உடன்படிக்கையைச் செய்யாதிருத்தல், உண்மையான உரிமை இன்றிப் போர் தொடுக்காதிருத்தல், பேரரசின் பொது அமைதிக்குக் கட்டுப்படுதல். இவற்றுட் பலவற்றை மீறுவோனை ஆட்டமே தண்டிக்கிறது. நாட்டின் உள் நிலைத்தன்மை −3 முதல் +3 வரையுள்ள அளவையால் மதிக்கப்படும் இவ்வாட்டத்தில், காரணம் காட்டாது போர் தொடுப்பவன் அதில் இரண்டு படிகளையும், போர்நிறுத்தத்தை முறிப்பவன் ஐந்து படிகளையும் இழக்கிறான். பேரரசுக்குள் நிலம் கைப்பற்றுபவன்மேல் அண்டையார் வெறுப்பு மிகுந்து, அவர்கள் அவனுக்கெதிராக ஒரே அணியாகத் திரளுகின்றனர். எனினும், இத்தண்டனைகளுக்கு அஞ்சி அடங்குவது விவேகமேயன்றி மானம் ஆகாது. விவேகமும் மானமும் பிரியும் இடம், ஆட்டம் தண்டிக்காத குற்றங்களில்தான் இருக்கிறது. அண்டை நாட்டில் ஒற்றர்களை அமர்த்தி, இல்லாத உரிமையை இருப்பதாகப் புனைந்துகொள்ள இவ்வாட்டம் இடந்தருகிறது. அவ்வாறு புனைந்த உரிமையையும் போருக்குப் போதிய நியாயமாகவே அது ஏற்றுக்கொள்கிறது. அந்த இடத்தில் ஆடுவோன் தனக்குத் தானே நீதிபதியாக அமர வேண்டியவனாகிறான்.

ஆட்டம் தொடங்கும் நாளில் ஹெஸ்ஸேயை ஆண்டவர், ‘சமாதானப் பிரியர்’ என்று பெயர் பெற்றவரும் 1413 முதல் 1458 வரை அரசு புரிந்தவருமான, லாண்ட்கிராஃப் என்னும் பட்டம் தாங்கிய முதலாம் லுட்விக். காஸ்ஸெலைச் சூழ்ந்த வடபகுதிக்கும் மார்பர்க்கைச் சூழ்ந்த தென்பகுதிக்கும் இடையே ஸீகன்ஹைன் என்னும் பிறர் நாடு குறுக்கிட்டுக் கிடந்தமையால், அவருடைய ராஜ்யம் இரு துண்டாகப் பிளவுண்டிருந்தது. படை திரட்டி அதனைப் பறிப்பதே விஸ்தரிப்பை நாடும் ஆட்டக்காரனுக்கு முதலில் தோன்றும் யோசனை. லுட்விக்கோ, 1437-இல் அந்நாட்டுப் பிரபுவைத் தமக்கு மானியக் கடமை பூண்ட குறுநிலத் தலைவராக ஏற்று, 1450-இல் அவர் சந்ததியின்றி இறந்தபோது அந்த உரிமையைக் கொண்டே நாட்டை அடைந்தார். ஹோஹன்லோஹே குலத்தார் எதிர்த்துக் கோரிய உரிமை 1495-இல் உடன்பாட்டால் தீர்ந்தது. பின்னர், ரைன் நதிச் சுங்கங்களால் செழித்திருந்த காட்ஸனெல்ன்போகன் நாடு, அதன் வாரிசான அன்னாவை மணந்த ஹெஸ்ஸே இளவரசரின் வழியாக 1479-இல் அக்குலத்துக்கு வந்தது. அதன் பொருட்டு நாஸ்ஸாவ் குலத்தாரோடு எழுந்த வழக்கு 1557 வரை நீண்டது. ஹெஸ்ஸே பெருகியது இவ்வாறே: விசுவாசத்தாலும் விவாகத்தாலும், பல்லாண்டு பொறுத்து நடத்திய வழக்காலும். ஆட்டத்திலும் இவ்வழி அடைபடவில்லை. தானே இசைந்து சார்ந்து நிற்கும் நாட்டைப் பத்தாண்டு கழிந்தபின் ராஜதந்திரத்தால் இணைத்துக்கொள்ளலாம்.

இப்பொறுமை பயன் தந்ததற்குக் காரணம், அதனைத் தாங்கி நின்ற பொது ஒழுங்கு. 1373-இலேயே ஹெஸ்ஸேயும் அண்டை நாட்டை ஆண்ட வெட்டின் குலத்தாரும், ஒரு குலம் அற்றுப்போனால் மற்றது வாரிசாகும் என்று பரஸ்பர உடன்படிக்கை செய்திருந்தனர். 1495-இல் வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசுச் சபை, பிரபுக்கள் தமக்குள் போரிட்டுப் பழி தீர்க்கும் வழக்கத்தை என்றைக்குமாகத் தடுத்து, வழக்குகளைத் தீர்க்க உயர்நீதிமன்றம் ஒன்றையும் நிறுவிற்று. ஹெஸ்ஸேயின் பிற்கால லாண்ட்கிராஃபான பிலிப், 1547-இல் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸிடம் சரணடைந்து ஐந்தாண்டு சிறையிருந்தும், விடுதலைக்குப் பின் தம் நாட்டையே மீண்டும் ஆண்டார்.

இங்கே எழும் ஆட்சேபம் வலிமையானது. பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரெடரிக் 1740-இல் ஸிலீசியாவைப் படைகொண்டு பற்றி, அதனைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டாரே. மானம் பார்த்திருந்தால் பிரஷ்யா வல்லரசாகியிருக்குமா என்று கேட்கலாம். ஆகியிராது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆனால் தந்தை திரட்டிவைத்த பெரும்படை ஃபிரெடரிக்கிடம் இருந்தது. ஒரு சிற்றரசுக்கு அது இல்லை. சட்டத்தின் தயவால் உயிர்வாழும் நாடு சட்டத்தைத் தளர்த்துமாயின், தன் அரணைத் தானே இடிக்கிறது. இதற்கு ஹெஸ்ஸேயே சான்று. 1803-இல் பேரரசின் திருச்சபை நாடுகளும் சுதந்திர நகரங்களும் பங்கிடப்பட்டபோது, ஹெஸ்ஸேயின் கிளை நாடான ஹெஸ்ஸே-காஸ்ஸெலும் மைன்ஸ் நிலங்களிற் சிலவற்றையும் தேர்வுரிமைப் பிரபு என்னும் பதவியையும் பெற்று மகிழ்ந்தது. 1806 ஆகஸ்டு 6-ஆம் நாள் பேரரசு கலைந்தது. மறு ஆண்டே காஸ்ஸெல் நகரம் நெப்போலியனின் தம்பி ஜெரோம் ஆண்ட வெஸ்ட்பாலியா ராஜ்யத்தின் தலைநகராயிற்று.

வெளியாரோடு செய்த ஒப்பந்தத்தைக் காப்பதோடு கடமை முடிந்துவிடுவதுமில்லை. 1776-இல் ஹெஸ்ஸே-காஸ்ஸெலின் லாண்ட்கிராஃப், இங்கிலாந்தோடு செய்த உதவித்தொகை ஒப்பந்தத்தின்படி பன்னிரண்டாயிரம் பேரை அமெரிக்கப் போருக்கு அனுப்பினார். ஒப்பந்தம் வழுவாது நிறைவேறியது; ஆயினும் தமக்குச் சம்பந்தமில்லாத யுத்தத்திற்குப் பிரஜைகளைப் பணத்திற்காக அனுப்பியது மானத்தின்பாற் படாது. ஆட்டத்தில் மனிதவளம் ஒரு தொகையாக மட்டுமே திரையில் தோன்றுவதால், பிரஜைகளின் உயிரைக் காக்கும் இக்கடமையை மறப்பது மிக எளிது. ஆதலின் அது மற்ற நான்கினும் முன்னே வைத்து எண்ணத்தக்கது.

இவற்றால் பெறப்படும் முடிவு இது. ஹெஸ்ஸேயையோ அதுபோன்ற வேறொரு நாட்டையோ ஏற்று ஆட விரும்புவோர், புனைந்த உரிமைகொண்டு போர் தொடுப்பதில்லை என்றும், நண்பனின் அழைப்பை மறுப்பதில்லை என்றும், கூலிக்காகப் பிரஜைகளின் உயிரைச் செலவிடுவதில்லை என்றும் ஆட்டம் தொடங்குமுன்னரே உறுதி பூண்டு, அவ்வுறுதி நஷ்டம் விளைக்கும் வேளையிலும் அதில் நிற்க வேண்டும். 1821-இல் அவர்களுடைய நாடு தேசப்படத்தில் சிறிதாகவே இருக்கக்கூடும். அது தோல்வி அன்று. பேரரசின் சட்டம் சிற்றரசுகளுக்கு எதைத் தருவதாக வாக்களித்ததோ, அதனை அவர்கள் இறுதிவரை காப்பாற்றியிருக்கிறார்கள்.