யாழ்நகரும் ஏழைக்கு வீடும்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்பது தமிழர்க்கெல்லாம் பொதுவான பழமொழி. ஒருவன் தன் வாழ்நாளிற் சுமக்கும் இரு பெருஞ் சுமைகளை அஃது எடுத்துரைக்கின்றது. யாழ்ப்பாணத்திலோ இவ்விரண்டும் ஒரே சுமையாகும். பெண்ணைப் பெற்றவர் அவளுக்கு வீடும் வளவும் சீதனமாக எழுதிக் கொடுத்து மணம் முடித்து வைத்தல் இம்மண்ணின் நெடுநாள் வழமை. ஆகையால், யாழ்நகரின் வீட்டுப் பிரச்சினையை ஆராயப் புகுவோர் நகரசபையின் வரலாற்றோடு காணி உறுதியின் வரலாற்றையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

ஒல்லாந்தர் ஆட்சியிலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுத்து எழுதினார். அத்தொகுப்பு 1707 ஆம் ஆண்டிற் சட்டமாயிற்று. தேசவழமை எனப்படும் அச்சட்டம் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாக வகுத்தது. காணியை விற்க விரும்புபவர் முதலில் தம் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அதனைக் கொள்ள வாய்ப்பளித்தல் வேண்டும் என்பதும் அவ்வழமையின் விதிகளுள் ஒன்று. இம்முற்கொள்ளும் உரிமையை ஒழுங்குபடுத்த 1947 ஆம் ஆண்டிலும் ஒரு தனிக் கட்டளைச்சட்டம் ஆக்கப்பட்டமை அதன் வலிமைக்குச் சான்று. பணமுடை வந்துற்றபோதும் காணியை விற்காது, வட்டிக்குப் பதிலாக அதன் பயனைக் கடன்கொடுத்தவர் அனுபவிக்கும்படி ஒற்றி வைப்பதே பலரும் கைக்கொண்ட வழி. இவற்றின் பயனாக நிலம் பெரும்பாலும் உறவினர் வட்டத்துள்ளேயே சுழன்று வந்தது.

காணி உடையோரைப் பொறுத்தவரையில், இஃது அரசாங்கத்தின் ஒரு சதமும் செலவாகாத வீடமைப்புத் திட்டமாக விளங்கிற்று. தலைமுறைதோறும் பெண்ணின் பெயரிலே ஒரு வீடு எழுந்தது. கணவனை இழந்தாலும் அவள் தன் கூரையை இழக்கவில்லை. பிற நாடுகளிலே பெண்கள் சட்டத்தாற் பெற நெடுங்காலம் போராடிய பாதுகாப்பு, ஈங்கு வழமையாகவே கிடைத்தது. ஆயின், காணியே இல்லாதோர் நிலை யாது?

நகரின் தென்கரையிலே கரையூரிலும் பாசையூரிலும் கடற்றொழிலாளர் நெருங்கி வாழ்ந்தனர். கரையூரே பின்னாளிற் குருநகர் எனப் பெயர் பெற்றது. நகரைச் சூழ்ந்த ஊர்களிலே மரமேறும் தொழிலாளரும் தோட்டக் கூலிகளும் பிறர் வளவுகளிற் குடிலமைத்து வாழ்ந்தனர். அவர்கள் எழுப்பிய மண்சுவர் அவர்களுடையது. அச்சுவர் நின்ற நிலம் காணிக்காரருடையது. கோயிலிலும் பாடசாலையிலும் பொதுக் கிணற்றிலும் சம உரிமை கேட்க அவர்கள் துணிந்த காலத்தில், ‘வளவை விட்டு எழும்பு’ என்ற ஒரு சொல்லே அவர்களை அடக்கும் ஆயுதமாயிற்று. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. அது பொது இடங்களின் கதவைத் திறக்க முயன்றது. குடியிருக்க நிலம் கொடுக்கவில்லை. வீடின்மை யாழ்ப்பாணத்திலே வறுமையின் பயனாக மட்டும் இருந்ததன்று. அச்சத்தின் காரணமாகவும் இருந்தது.

இந்நிலையில் நகரை ஆளும் சபை எவ்வாறு தோன்றிற்று என்பதை நோக்குவோம். மாநகரசபைகளை அமைக்கும் கட்டளைச்சட்டம் 1865 ஆம் ஆண்டிலேயே வந்தது. கொழும்பும் கண்டியும் விரைவிலே மாநகரசபைகளைப் பெற்றன. மக்கள் தேர்ந்த உறுப்பினர் பெரும்பான்மையாய் அமையும் சபையை யாழ்ப்பாணத்துக்கு வழங்க ஆங்கில ஆட்சியாளர் மனங்கொள்ளவில்லை. சுகாதாரத்துக்கும் அபிவிருத்திக்குமென உள்ளூர்ச் சபைகளை அமைக்கும் வேறொரு கட்டளைச்சட்டம் 1876 ஆம் ஆண்டில் வந்தது. மக்கள் ‘லோக்கல் போட்’ என்று வழங்கிய அச்சபையும் யாழ்நகருக்கு 1906 ஆம் ஆண்டிலேயே வாய்த்தது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் கொழும்பிலிருந்து வடக்கே வரும் புகையிரதப் பாதை நிறைவெய்தியிருந்தது. கச்சேரி, கல்லூரிகள், ஆஸ்பத்திரி, பெரிய கடைத்தெரு என்பவற்றை நாடி மக்கள் நகருக்கு வரலாயினர். வந்தவர்க்கு வேலை கிடைத்தது, வளவு கிடைக்கவில்லை.

ஏனைய நகரங்களுக்கு இல்லாத ஓர் இடரும் யாழ்ப்பாணத்துக்கு உண்டு. குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது, அதுவே குடிநீர். அதே பாறையினூடே மலக்குழியின் கழிவும் இறங்கக்கூடும். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். நாலைந்து பரப்பு வளவிலே கிணறு ஒரு மூலையிலும் மலக்குழி மற்றொரு மூலையிலும் அமையலாம். கால் பரப்பிலே ஒரு குடும்பம் வாழும் கடற்கரைக் குடியிருப்பில் அந்த இடைவெளிக்கு இடமேது? ஆகவே, இங்கு நிலப் பற்றாக்குறை நீர்ப் பிரச்சினையாயிற்று. நீர்ப் பிரச்சினை நோய்ப் பிரச்சினையாயிற்று.

நோயே சட்டத்தையும் விரைவுபடுத்திற்று. பம்பாயிலே 1896 ஆம் ஆண்டிற் பரவிய கொள்ளைநோயின் பின், அந்நகரைத் திருத்தியமைக்க 1898 இல் ஒரு தனி மன்றம் ஏற்பட்டது. கொழும்பை அக்கொள்ளைநோய் 1914 ஆம் ஆண்டில் எட்டியது. வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் அடுத்த ஆண்டாகிய 1915 இல் நிறைவேறிற்று. வீடு கட்டுமுன் அதன் வரைபடத்துக்குச் சபைத் தலைவரின் அனுமதி பெறவேண்டும்; அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும்; பின்புறத்தே வெளியிடம் விடப்படல் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. மனிதர் வாழ்தற்கு ஒவ்வாத வீட்டை மூடுவிக்கவும் இடிப்பிக்கவும் அதில் வழியிருந்தது. நெருக்கமான குடியிருப்பை முழுமையாக எடுத்துத் திருத்தியமைக்கும் திட்டங்களுக்கும் இடமிருந்தது.

சட்டத்தின் நோக்கம் நன்று. நடைமுறையிலே நிகழ்ந்தது யாது? வரைபடத்தைப் பார்ப்பதற்கு ஓர் எழுதுவினைஞரும் அளவுகோலும் போதும். திருத்தியமைப்பதற்கோ நிலத்தை விலைகொடுத்து எடுத்தல் வேண்டும். சபையின் வருமானம் சோலைவரியிலேயே பெரிதும் தங்கியிருந்தது. சோலைவரி வீட்டின் ஆண்டுப் பெறுமதியைக் கொண்டு கணிக்கப்படுவது. ஓலைக் குடில்கள் நிறைந்த வட்டாரத்தின் ஆண்டுப் பெறுமதி அற்பம். ஆகவே வரியும் அற்பம். ஆயின், வடிகாலும் குழாய்நீரும் துப்புரவும் மிகுதியாக வேண்டியிருந்தது அவ்வட்டாரத்துக்கே. எவ்விடத்திலே தேவை பெரிதோ அவ்விடத்திலே வருமானம் சிறிது. உள்ளூராட்சியின் இந்த முடிச்சு யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. எனினும் செல்வர் பலரும் தம் சொந்த வீட்டிலேயே வாழ்ந்த, பெருந்தொழிற்சாலைகள் இல்லாத இந்நகரிலே அது மிக இறுகியிருந்தது.

உள்ளூர்ச் சபைகளுக்குக் கடன் கொடுப்பதற்கென ஒரு நிதி 1916 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. கடனை வரிப்பணத்திலிருந்தே திருப்பிக் கட்ட வேண்டும் என்பதனால், வருமானம் தரும் சந்தைக்கும் மின்சாரத்துக்கும் கடன் பெறுவதற்கு இருக்கும் துணிவு, ஏழையின் வீட்டுக்குப் பெறுவதற்கு இருத்தல் அரிது. இங்கிலாந்திலும் சபைகள் இதே இடரில் நின்றன. அந்நாட்டுப் பாராளுமன்றம் 1919 ஆம் ஆண்டிலே ஒரு சட்டத்தின் மூலம், தொழிலாளர்க்கு வீடு கட்டுதலைச் சபைகளின் கடமையாக்கி, நட்டத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கச் செய்தது. ஆயிரக்கணக்கான சபை வீடுகள் அங்கு எழுந்தமைக்கு அதுவே காரணம். இலங்கைச் சபைகளுக்கோ கட்டுப்படுத்தும் அதிகாரம் வந்து சேர்ந்தது. கட்டிக் கொடுக்கும் பொருள் வந்து சேரவில்லை.

யாழ்நகரின் சபை 1921 இல் நகர மாவட்டச் சபையாகவும், 1940 இல் நகரசபையாகவும், சுதந்திரத்தின் பின் 1949 சனவரி முதலாம் திகதி மாநகரசபையாகவும் உயர்ந்தது. சாம் ஏ. சபாபதி முதல் மாநகர முதல்வரானார். அச்சபையின் காலத்திலே நகரம் தன் பெருமுயற்சியாகக் கண்டது 1959 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற பொது நூலகம். ஊராரின் பொருளுதவி அதற்கு உரமாயிற்று. ஊர் ஒன்றுபட்டால் எதனை எய்தலாம் என்பதற்கு 1981 இல் எரியூட்டப்பட்ட அந்நூலகம் சான்று. வீட்டுப் பிரச்சினைக்கோ அவ்வாறு ஊர் ஒன்றுபடவில்லை. நூலகத்துக்கு ஓர் இடம் போதும். அதனால் எவருடைய வேலியும் அசையவில்லை. ஏழைக்கு வீடென்றால் வேலிகள் அசைய வேண்டும்.

இதற்கிடையே மத்திய அரசாங்கம் பல வழிகளை மேற்கொண்டது. வாடகைக் கட்டுப்பாடு 1942 இல் வந்து 1948 இல் விரிவடைந்தது. வீடமைப்புக் கடனுக்கு 1949 இலும், தேசிய வீடமைப்புக்கு 1954 இலும் சட்டங்கள் பிறந்தன. ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கு 1973 ஆம் ஆண்டுச் சட்டம் எல்லை கட்டிற்று. தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை 1979 இல் அமைந்தது. நூறாயிரம் வீட்டுத் திட்டமும் அதன் பின் பத்து லட்சம் வீட்டுத் திட்டமும் நாடெங்கும் பேசப்பட்டன. வாடகைச் சட்டம் குடியிருந்தவரைக் காத்தது. புதிதாய் வருபவருக்கு வாடகை வீடு கட்டும் விருப்பத்தை உரிமையாளரிடம் குறைத்தது. கடனுதவி காணி உறுதி உள்ளவருக்கே எளிதிற் கிட்டிற்று. நிலமற்றவர் ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசியிலேயே நின்றனர்.

நிலம் அகலாத இடத்தில் வீடு உயரவேண்டும் என்ற எண்ணத்துக்குக் குருநகரின் தொடர்மாடி வீடுகள் எடுத்துக்காட்டு. ‘ஐந்துமாடி’ என்பது அவ்விடத்துக்கு ஊர்ப்பெயராகவே ஆகிவிட்டது. கடலருகே வாழவேண்டிய மீனவரைக் கடலை விட்டுப் பெயர்க்காதது அதன் நன்மை. வலை உலர்த்தவும் தொழிற்கருவி வைக்கவும் முற்றம் வேண்டும் குடும்பத்துக்கு மாடி வாழ்வு முழுதும் பொருந்தாமை அதன் குறை. சிங்கப்பூரிலும் மாடி வீடுகளே நகரின் விடையாயின. அங்கே 1960 இல் வீடமைப்புச் சபை அமைந்தது. 1966 ஆம் ஆண்டுச் சட்டம் அரசாங்கம் நிலத்தை எடுக்கும் வழியை எளிதாக்கிற்று. சபையும் நிலமும் ஒருங்கே கிடைத்ததனாலேயே அத்திட்டம் வென்றது. குடாநாட்டிலோ காணியிற் பெரும்பகுதி தனியார் உடைமை.

பின்னர் வந்த போர் காணி உடையவரையும் இல்லாதவரோடு ஒரே கூடாரத்தில் இருத்தியது. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தெருவுக்கு வந்தது. உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட ஊர்களின் மக்கள் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் மல்லாகம் கோணப்புலத்திலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். போர் முடிந்தபின் இந்தியா 50,000 வீடுகளுக்கு உதவ முன்வந்தது. அதன் முன்னோடித் திட்டம் 2010 நவம்பரில் அரியாலையில் தொடங்கி 2012 இல் நிறைவெய்தியது. தொடர்ந்து, ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபாவைத் தவணைகளாகப் பயனாளிக்கே கொடுத்து, அவரே கட்டும் முறை 2012 ஒக்டோபரில் ஆரம்பமாயிற்று. தம் கையாற் கட்டிய வீட்டிலே மக்கள் மீண்டும் விளக்கேற்றினர். ஆயின், கட்டுவதற்குச் சொந்தக் காணி வேண்டும் என்றபோது பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. முகாமிலே கடைசிவரை தங்கியிருந்தோருட் பலர் நிலமற்றோரே. கீரிமலையின் நல்லிணக்கபுரம் போன்ற குடியிருப்புகள் அவர்களுக்கெனப் பின்னரே எழுந்தன.

நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று. லோக்கல் போட்டுக்கும் மாநகரசபைக்கும் அக்கறை இருந்ததா என்பதைவிட, அவற்றின் கையில் நிலம் இருந்ததா என்பதே கேட்கத்தக்க கேள்வி. கல்லும் சீமெந்தும் ஓடும் கடனாகவோ கொடையாகவோ பல திசைகளிலிருந்தும் வந்திருக்கின்றன, இனியும் வரும். அவற்றை இறக்கி வைப்பதற்கு இரண்டு பரப்பு நிலத்தை ஊருக்குள்ளே தேடிக் கொடுப்பது மட்டும் வெளியாரால் இயலாது. அந்தப் பணி ஊராரையும் ஊரார் தேர்ந்த சபையையுமே சேர்ந்தது.