அம்புக்குறி வண்டியும் எங்கள் பெரியப்பாவின் பைக்கும்



கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகும்போது சில நாட்களில் ராணுவ லாரிகள் வரிசையாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அவற்றின் நம்பர் பிளேட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். டிஎன் இருக்காது, கேஏ இருக்காது. மேல்நோக்கிய ஒரு அம்புக்குறி இருக்கும். கூடவே இரண்டு இலக்கம், ஒரு எழுத்து, நீளமான ஒரு எண், கடைசியில் இன்னொரு எழுத்து. அந்த அம்பு எதற்கு என்று சின்ன வயதில் பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் ராணுவத்தில் இருந்தவர். "எப்பவும் முன்னேறிப் போகணும்னு அர்த்தம்டா" என்றார். பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, பெரியப்பா சும்மா அடித்துவிட்டிருக்கிறார் :-)

அம்பு எங்கிருந்து வந்தது?

இது இங்கிலாந்து அரசின் பழைய முத்திரை. அரசுக்குச் சொந்தமான பொருள் என்று காட்ட பீரங்கி, துப்பாக்கி, கயிறு, பாய்மரத் துணி என எல்லாவற்றிலும் இதைப் போட்டார்கள். அரசு சாமான்களைத் திருடி விற்பது அதிகமானதால், இந்தக் குறியைத் தனியார் பயன்படுத்தக் கூடாது என்று 1698-இல் ஒரு சட்டமே வந்தது. அமெரிக்கா அப்போது பிரிட்டிஷ் காலனி. அங்கே கப்பல் பாய்மரத்துக்கு ஏற்ற உயரமான பைன் மரங்களில் இந்த அம்பை வெட்டி வைத்து, "இது ராஜாவின் மரம்" என்றார்கள். அந்தக் கோபத்தில் 1772-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு கலகம் நடந்தது. இங்கிலாந்தில் சிறைக் கைதிகளின் உடையில்கூட இதே அம்பு இருந்தது. நில அளவைக் குறிகளிலும் இருந்தது.

ஆக அம்பின் அர்த்தம் வீரம் அல்ல. "இது சர்க்கார் சொத்து, கை வைக்காதே" என்பதுதான். வெள்ளைக்காரன் போன பிறகும் இந்திய ராணுவ வண்டிகளில் அது தங்கிவிட்டது.

அம்புடன் வரும் இரண்டு இலக்கம் வண்டி ராணுவத்துக்கு வாங்கப்பட்ட வருடம். மாநிலப் பெயர் கிடையாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. மத்திய அரசுக்குச் சொந்தமாகி, நாட்டின் பாதுகாப்புப் பணிக்குப் பயன்படும் வண்டிகளை மத்திய அரசு குறிப்பிடும் அமைப்பே பதிவு செய்து கொள்ளலாம். ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டியதில்லை. ஆனால் அதே வண்டி ஏலத்தில் ஒருவர் கைக்கு வந்துவிட்டால் சலுகை போய்விடும். மிலிட்டரி டிஸ்போசல் ஜீப் வாங்குபவர்கள் அம்பை அழித்துவிட்டு, சாதாரண வண்டி போலப் பதிவு செய்து நம்பர் வாங்க வேண்டும்.

உயர் அதிகாரிகளின் காரில் நம்பரோடு தனியாக ஒரு நட்சத்திரப் பலகையும் இருக்கும். பிரிகேடியருக்கு ஒன்று, மேஜர் ஜெனரலுக்கு இரண்டு, லெப்டினன்ட் ஜெனரலுக்கு மூன்று, ஜெனரலுக்கு நான்கு. அதிகாரி வண்டியில் இல்லாதபோது அந்தப் பலகையை மூடிவிட வேண்டும். மரியாதை அந்த ஆளுக்குத்தான், காருக்கு இல்லை.

சிப்பாயின் சொந்த வண்டி?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ராணுவ லாரி நாடு முழுக்கத் தடையில்லாமல் போகும். அதை ஓட்டும் சிப்பாயின் சொந்த பைக் அப்படிப் போக முடியாது. சட்டத்தின் 47-ஆவது பிரிவுப்படி ஒரு வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், புது மாநிலத்தில் வரி கட்ட வேண்டும், பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

பெரியப்பா 2009-இல் செகந்திராபாத்தில் இருந்தபோது பைக் வாங்கினார். ஆந்திரா நம்பர். பிறகு பதான்கோட். பிறகு பெங்களூரு. 2018-இல் ஓய்வு பெற்று, ஊத்தங்கரை வட்டத்தில் இருக்கும் எங்கள் கல்லாவிக்கே வந்துவிட்டார். ஒவ்வொரு மாற்றலிலும் பைக் ரயிலில் வந்தது, காகிதம் பின்னால் வந்தது. லீவு கிடைப்பதே வருடத்துக்கு ஒருமுறை. அதிலும் இரண்டு நாள் ஏதோ ஒரு அலுவலகத்தின் வரிசையில் போய்விடும். வரியை மூன்று மாநிலத்தில் கட்டினார். மீதியைத் திரும்பக் கேட்கவே இல்லை. "அதுக்கு இன்னொரு லீவு போடணும்" என்பார். அந்தக் காகிதங்கள் எல்லாம் இன்றும் ஒரு மஞ்சப்பையில் இருக்கின்றன. பைக் இப்போது டிஎன் 24.

ஓசூரில் வேலை செய்கிறவர்களுக்கு இது புரியும். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, மாநிலம் மாறிவிடும். நமக்கு அது ஒரு எல்லைதான். மாற்றலில் போகும் சிப்பாய்க்கு நாடெங்கும் அத்தனை எல்லைகள்.

2021-இல் வந்த பாரத் வரிசை

2021 ஆகஸ்ட் 26-ஆம் தேதி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பிஎச் வரிசையை அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 15 முதல் அமலுக்கு வந்தது. ராணுவத்தினர், மத்திய, மாநில அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் வைத்திருக்கும் தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோர் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். '21 பிஎச் 1234 ஏஏ' என்ற மாதிரி இருக்கும். மாநிலம் மாறினாலும் நம்பர் மாறாது. வரியை மொத்தமாகக் கட்டாமல் இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம். முதலில் புது வண்டிக்கு மட்டும் இருந்தது. 2022 டிசம்பரில் திருத்தம் வந்து, பழைய நம்பர் வண்டிகளையும் மாற்ற வழி பிறந்தது.

ஒன்றைக் கவனித்தீர்களா? பிஎச் நம்பரும் வருடத்தில்தான் தொடங்குகிறது, அதிலும் மாநிலப் பெயர் கிடையாது. ராணுவ லாரிக்குப் பல காலமாக இருந்த வசதி, அதை ஓட்டிய ஆளின் பைக்குக் கிடைக்க 2021 வரை ஆகியிருக்கிறது.

அமெரிக்காவில் வேறு மாதிரி

அங்கே மாநிலங்கள் முன்னாள் வீரர்களுக்குத் தனிப் பிளேட் தருகின்றன. போரில் காயம்பட்டவர்களுக்கு 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கப் படம் போட்ட பிளேட், போர்க் கைதியாக இருந்தவர்களுக்கு ஒன்று, மகனையோ கணவனையோ போரில் இழந்த குடும்பத்துக்கு 'கோல்ட் ஸ்டார்' பிளேட். அது கௌரவம். நம் பிஎச் கௌரவம் இல்லை, வசதி. வங்கி ஊழியருக்கும் சிப்பாய்க்கும் ஒரே பிளேட்.

நமக்கும் அந்தக் கௌரவப் பிளேட் வேண்டுமா? வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது இல்லாததால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? 'ஆர்மி' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்கிறார்கள். மாமனார் ராணுவத்தில் இருந்தால் மருமகனும் ஒட்டுகிறார்! சென்னை போக்குவரத்து போலீஸ் 2024 மே 2 முதல் நம்பர் பிளேட்டில் இப்படி ஒட்டுவோர் மீது நடவடிக்கை என்று அறிவித்தது. முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய் அபராதம்.

என் அண்ணனும் பெரியப்பா பைக்கில் சிவப்பாக ஒன்று ஒட்டியிருந்தான். பெரியப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் தடவி, கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டார். "சர்வீஸ்ல இருந்தது நானு. இந்த பைக்கா இருந்துச்சு?" என்றார்.

அவர் ஸ்டிக்கரும் கேட்கவில்லை, சலுகையும் கேட்கவில்லை. அந்த மஞ்சப்பை இல்லாமல் இருந்திருக்கலாம் என்று மட்டும் சொல்வார். அமெரிக்க பிளேட்டைவிட அதுதான் பெரிய மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் வீட்டிலும் ராணுவத்தில் இருந்தவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.