பொருளுக்கோர் இயற்கணிதம்

தொடர் பிழையின்றி அமைந்த அளவில் பொருள் தெளிந்துவிடுவதில்லை. கணிப்பொறி மொழிகளின் வரலாறும் இவ்வுண்மையைத் தன் இளமையிலேயே கண்டுகொண்டது.

1960இல் வெளிவந்த அல்கால் மொழி அறிக்கை, எத்தொடர் அம்மொழிக்குரியது, எது அன்று என்பதைப் பாக்கசு, நவுர் ஆகியோரின் குறியீட்டு முறையால் திட்பமாக வகுத்தது. ஆயின் தொடர்களின் பொருளோ ஆங்கில உரைநடையில் விளக்கப்பட்டது. உரைநடை இருபொருள் தாங்கவல்லது. கவிதைக்கு அஃது அணி, கணிப்பொறிக்கோ பிணி. ஒரே நிரல் இரு பொறிகளில் இருவேறு விடை தருமாயின், பிழை எங்குள்ளது என்று தீர்ப்பளிப்பவர் யார்? எஞ்சிநின்ற ஐயங்களை டொனால்ட் குனூத் 1967இல் தொகுத்துக் காட்டினார்.

1969இல் விடைகள் அரும்பின. ஆக்ஸ்போர்டில் ஸ்ட்ரேச்சியும் டானா ஸ்காட்டும், உறுப்புகளின் பொருளிலிருந்து முழுத்தொடரின் பொருளைக் கட்டும் முறைக்குக் கணித அடித்தளம் அமைத்தனர். நிரலைப் பொறிக்கட்டளைகளாக மாற்றும் மொழிபெயர்ப்பி பொருள் பிறழாது செயற்படுவதை, பர்ஸ்டாலும் லாண்டினும் இயற்கணித வழியில் மெய்ப்பித்தனர்.

இவ்வழியை 1977இல் முழுமையாக வகுத்துரைத்தோர் கோகென், தாட்சர், வாக்னர், ரைட் என்னும் நால்வர். அவர்தம் கருத்து எளிமையும் ஆழமும் உடையது. ஒரு மொழியின் தொடர்கள் அனைத்தும் சேர்ந்து ஓர் இயற்கணித அமைப்பாகும். தொடர்களை இணைக்கும் விதிகளே அதன் செயல்கள். ‘2+3’, ‘3+2’ இரண்டும் அவ்வமைப்பில் வெவ்வேறு எழுத்துருக்கள். எண்களின் அமைப்புக்குச் சென்றால் இரண்டும் 5 என்னும் ஒரே பொருளை எய்தும். செயல்களைச் சிதைக்காது தொடரமைப்பிலிருந்து பொருளமைப்புக்குச் செல்லும் வழி ஒன்றே ஒன்றுதான் உண்டு. எனவே பொருளமைப்பைத் தேர்ந்துகொண்டால், ஒவ்வொரு தொடரின் பொருளும் ஐயமின்றித் தானே விளையும். திரும்பத் திரும்ப நிகழும் நிரற்பகுதிகள் முடிவின்றி நீளக்கூடுமாதலின், எல்லையை அணுகிச் செல்லும் வரிசைமுறையையும் அந்நால்வர் சேர்த்தனர்.

கோகென் இதனோடு அமையவில்லை. 1990களின் இறுதியில் இதே கணிதத்தைக் குறிகளுக்கும் உருவகத்திற்கும் விரித்தார். ஆங்கே அவர் கண்டது வேறு: ஒரு குறியமைப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கையில் அனைத்தும் காக்கப்படுவதில்லை, எதைக் காப்பது, எதை இழப்பது என்பதிலேயே அப்பெயர்ப்பின் தரம் அமைகிறது.

நிரலுக்கு வழி ஒன்றே. உருவகத்துக்கோ தேர்வு உண்டு. அத்தேர்வே கவிஞன் பணி.