சூரியகாந்தி: வீட்டுத்தோட்ட வளர்ப்பும் கோடை இறுதிப் பொழுதுபோக்கும்

சூரியகாந்தி (ஹீலியாந்தஸ் அன்னுவஸ்) சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுச் செடி. உலகெங்கும் எண்ணெய் வித்துப் பயிராக விளைகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அதற்கு இன்னொரு வாழ்வும் உண்டு. உறைபனி விலகிய பின் மே மாதத்தில் ஊன்றிய விதை, ஆகஸ்டில் ஆள் உயரம் தாண்டிப் பூத்து நிற்கும். பள்ளி விடுமுறை முடிகிற வாரங்கள் அவை. பிரிட்டனில் ஆகஸ்டின் கடைசித் திங்கட்கிழமை விடுமுறையும், அமெரிக்காவில் செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் நாளும் கோடைக்கு விடை கொடுக்கும் நீண்ட வார இறுதிகள். வேலியோரத்துச் சூரியகாந்தி அந்தப் பருவத்தின் பூவாகிவிட்டது.

தாயகம் வட அமெரிக்கா. அங்குள்ள பழங்குடிகள் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பயிரிட்டு, விதையை மாவாக்கி உண்டனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பா சென்ற செடி, முதலில் வெறும் அழகுப் பூவாகவே இருந்தது. எண்ணெய்க்காகப் பெருமளவில் வளர்த்தது 19ஆம் நூற்றாண்டு ரஷ்யா. அங்கே பெருத்த இரகங்கள் 1880களில் ‘மாமத் ரஷ்யன்’ என்ற பெயரில் அமெரிக்க விதைப் பட்டியல்களில் ஏறித் தாய்மண்ணுக்கே திரும்பின. கதிரவனைக் காதலித்துப் பூவாகிப்போன கிளைட்டி என்ற கிரேக்க நங்கையின் கதையில் வருவது இந்தப் பூ என்று பலரும் எழுதுகிறார்கள். அக்கதை பிறந்த காலத்தில் ஐரோப்பா சூரியகாந்தியைக் கண்டதே இல்லை.

பூவும் திசையும்

நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான, பெரிய தலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட, சிறு பூக்களின் கூட்டம். விளிம்பில் இதழ்போல் நீண்டிருப்பவை மலட்டுப் பூக்கள். நடுவட்டில் இருப்பவைதான் விதையாகும். அவை வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கி வரிசையாக விரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். வட்டில் விதைகள் இரு திசைகளில் சுழன்று செல்லும் வரிகளாக அடுக்கப்பட்டிருக்கும். அவ்வரிகளை எண்ணினால் பெரும்பாலும் ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55 என ஃபிபனாச்சி எண்களே வரும். குழந்தைகளோடு ஒரு ஞாயிறு மாலையைக் கழிக்க இதைவிடச் செலவில்லாத வழி குறைவு.

சூரியனைத் தொடர்ந்து திரும்புவது இளஞ்செடி மட்டுமே. பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக வளர்வதால் நுனி மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் வளர்ந்து மீண்டும் கிழக்கே திருப்புகிறது. தண்டு வளர்ச்சி நின்று பூ விரிந்ததும் இந்த ஆட்டம் முடிந்து, தலை கிழக்கு நோக்கி நிலைத்துவிடும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, கிழக்கு பார்த்த பூக்கள் காலையில் விரைவாகச் சூடேறி, மேற்கே திருப்பிவைத்த பூக்களைவிட ஐந்து மடங்கு வரை அதிகத் தேனீக்களை ஈர்த்தன. வீட்டுக்கு மேற்கே விதைத்தால் முற்றத்திலிருந்து பூ முகம் தெரியும். கிழக்கே விதைத்தால் முதுகுதான்.

வளர்ப்பு முறை

நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். இதில் சமரசம் கிடையாது. நிழலில் தண்டு மெலிந்து நீண்டு சாயும். ஆணிவேர்ச் செடியாதலால் நாற்றுப் பறித்து நடுவதைவிட, நிலைத்து நிற்கப்போகும் இடத்திலேயே விதைப்பது நல்லது. இரண்டு மூன்று செ.மீ. ஆழத்தில் ஊன்றினால், மண்ணில் சூடு இருக்கும்பட்சத்தில் ஏழெட்டு நாளில் முளைத்துவிடும். முளையை நத்தையும் பறவையும் தேடி வரும் என்பதால், குழிக்கு இரண்டு விதை போட்டுப் பின்னர் வலுவான செடியை விட்டுவைக்கலாம். நடுத்தர இரகங்களுக்கு ஓர் அடி இடைவெளி போதும். இராட்சத இரகங்களுக்கு இரண்டடி வேண்டும். காற்றுக்கு ஒடியாமல் கழியும் ஊன்றிக் கட்ட வேண்டும். தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் இலைதான் கொழிக்கும்.

இரகத் தேர்வில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒற்றைத் தண்டு இரகம் ஒரே பூவோடு முடிந்துவிடும். அதன் நுனியைக் கிள்ளினால் அந்தப் பூவும் போச்சு. ‘ஆட்டம் பியூட்டி’ போன்ற கிளைக்கும் இரகங்களை இளமையில் நுனி கிள்ளிவிட்டால் பல வாரம் பூக்கும். தொட்டிக்கு ‘டெடி பேர்’, ‘சன்ஸ்பாட்’ போன்ற குட்டை இரகங்கள் பொருந்தும். பூக்கடைக்கென உருவாக்கிய மகரந்தமற்ற கலப்பினங்கள் மேசைத்துணியைக் கறைப்படுத்தாது. ஆனால் மகரந்தம் தேடி வரும் தேனீக்குப் பயன்படாது. அமெரிக்காவில் 2008இல் தொடங்கிய ‘கிரேட் சன்ஃபிளவர் புராஜெக்ட்’ என்ற பொதுமக்கள் அறிவியல் திட்டம், ‘லெமன் குயின்’ இரகத்தை வீட்டில் வளர்த்து, பூவுக்கு வரும் தேனீக்களைச் சில நிமிடம் எண்ணி அனுப்பும்படி கேட்டது. பூக்கும் பருவத்தைக் கோடை முழுவதும் நீட்ட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக விதைத்துவர வேண்டும்.

உயரப் போட்டி தனி உலகம். 2014இல் ஜெர்மனியின் கார்ஸ்ட் நகரில் ஒரு வீட்டுத்தோட்டச் செடி 9.17 மீட்டரை எட்டியது.

அறுவடை

தலையின் பின்புறம் பச்சை மாறி மஞ்சளாகிப் பழுப்பேறத் தொடங்கும்போது விதை முற்றியிருக்கும். அதுவரை மெல்லிய துணியால் தலையை மூடிக்கட்டாவிட்டால் பறவையும் அணிலும் முந்திக்கொள்ளும். ஒரு சாண் காம்போடு வெட்டி, காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு, உலர்ந்ததும் கையால் தேய்த்தாலே விதை உதிரும். உப்புநீரில் ஓர் இரவு ஊறவைத்து உலர்த்தி வறுத்தால் கொறிக்க ஆகும். விதைப் பொட்டலத்தில் மிஞ்சியதை மட்டும் வறுக்கக் கூடாது. அதில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கலாம். கலப்பின விதையை எடுத்துவைத்து மறுபடி ஊன்றினால் தாய்ச்செடி போல வராது.

வயல் பார்க்கும் வழக்கம்

தோட்டம் இல்லாதவர்கள் வயலுக்குப் போகிறார்கள். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் சாலையோரப் பூவயல்களில் விலைப்பலகையும் கத்தியும் காசுப்பெட்டியும் இருக்கும். காவலுக்கு ஆள் இருக்காது. வேண்டியதை வெட்டிக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போகலாம். அமெரிக்கப் பண்ணைகள் சில, செடிகளுக்கிடையே வழி வெட்டிப் புதிர்ப்பாதை அமைத்து நுழைவுக் கட்டணம் வாங்குகின்றன; எண்ணெயை நம்புவதைவிட இது அவர்களுக்கு உறுதியான வருமானம்.

தமிழ்நாட்டில் இதற்கு நிகரானது தென்காசிப் பக்கம். சுந்தரபாண்டியபுரம், சுரண்டை வட்டாரங்களில் சூரியகாந்தி பூக்கும் ஆடி, ஆவணி மாதங்களில் குற்றாலம் வருவோரும் கேரளத்திலிருந்து எல்லை தாண்டி வருவோரும் வயலோரம் குவிகிறார்கள். பூக்கள் கிழக்கு பார்ப்பதால் காலையில் போவதே படத்துக்கு நல்லது. அவை சுற்றுலாவுக்காக நட்டவையல்ல, உழவரின் எண்ணெய் வித்துப் பயிர். வரப்போடு நிற்க வேண்டும்; வயலுக்குள் இறங்க உரியவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.