லைடன் ஊர்க்காரர்களின் பயம்

எம்.எஸ்ஸி. படிக்கும்போது எனக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றக் கற்றுக்கொடுத்த லேப் அண்ணன், குளிரைப் பற்றி அதிகம் பேசவில்லை. “தம்பி, ஊத்தறப்ப மெதுவா ஊத்து. ஆனா திரும்பச் சூடாகறப்பதான் ஆளைக் கொல்லும். வாய் அடைச்சிருக்கான்னு பாத்துக்கோ” என்றார். குடுவையின் கழுத்தில் காற்றின் ஈரம் உறைந்து மூடிக்கொள்ளும். உள்ளே திரவம் வாயுவானால் கிட்டத்தட்ட 700 மடங்கு இடம் கேட்கும். போக வழி இல்லையென்றால் குடுவையை உடைத்துக்கொண்டு போகும்.

லைடன் நகரத்துக் கதையைப் படித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

1807 ஜனவரி 12. நெதர்லாந்தின் அந்த ஊருக்குள் ஓடும் கால்வாயில் நின்றிருந்த வெடிமருந்துக் கப்பல் வெடித்தது. சுமார் 150 பேர் செத்துப்போனார்கள். தரைமட்டமான அந்த இடத்தில்தான் பின்னாளில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் வந்தது. 1882இல் ஹைக்கே காமர்லிங் ஓன்னஸ் அங்கே பேராசிரியரானார். உலோக உருளைகளில் வாயுக்களை அழுத்தி அடைத்து, குளிரூட்டித் திரவமாக்குவதுதான் அவருடைய வேலை. 1895இல் விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் ஒரே கலவரம். வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஆராய விசாரணைக் குழு போட்டார்கள். அதில் வான் டெர் வால்ஸும் இருந்தார். லண்டனிலிருந்து போட்டியாளர் ஜேம்ஸ் டூவரே ஓன்னஸுக்கு ஆதரவாகக் கடிதம் எழுதினார். இருந்தும் மறுபடி அனுமதி கிடைக்க 1898 ஆகிவிட்டது. அதே வருடம் டூவர் ஹைட்ரஜனைத் திரவமாக்கிவிட்டார்.

அறிவியல் புத்தகங்களில் இதை ஊர்க்காரர்களின் அசட்டுத்தனமாகச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டூவரின் உதவியாளர்கள் இருவர் வெடிவிபத்துகளில் ஆளுக்கொரு கண்ணை இழந்தவர்கள். பாட்டன் காலத்து வெடிச்சத்தத்தைக் கேட்டு வளர்ந்த ஊர், பக்கத்து வீட்டு உருளைகளைப் பார்த்துப் பயந்ததில் என்ன தப்பு?

ஓன்னஸ் அவசரக்காரர் இல்லை. அவர் கட்டியது படிக்கட்டு மாதிரியான ஏற்பாடு. மெத்தில் குளோரைடு எத்திலீனைக் குளிர்விக்கும், எத்திலீன் ஆக்சிஜனை. ஒரு வாயுவை அதற்குரிய மாறுநிலை வெப்பநிலைக்குக் கீழே குளிர்வித்தால்தான் அழுத்தித் திரவமாக்க முடியும், ஒரேயடியாகக் குதிக்க முடியாது. கண்ணாடி ஊதவும் கருவி செய்யவும் பையன்களைப் பழக்க 1901இல் பயிற்சிப் பள்ளியே தொடங்கினார்.

1908 ஜூலை 10, அதிகாலை 5.45க்கு வேலை ஆரம்பம். முந்தின நாளே 75 லிட்டர் திரவக் காற்று தயார். மதியத்துக்குள் 20 லிட்டர் திரவ ஹைட்ரஜன். ஹீலியக் குடுவையைச் சுற்றி ஹைட்ரஜன், அதைச் சுற்றித் திரவக் காற்று, வெளியே ஆல்கஹால். துளி காற்று உள்ளே போனாலும் உறைந்து குழாயை அடைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு படியிலும் பொறுமை. மாலையில் வெப்பமானி நகராமல் நின்றது. தோற்றுவிட்டதோ என்று நினைத்த நேரத்தில், பார்க்க வந்த பேராசிரியர் ஒருவர், அது திரவத்துக்குள் நிற்பதுபோல இருக்கிறதே என்றார். கீழிருந்து வெளிச்சம் காட்டினார்கள். கண்ணாடியின் ஓரத்தில் கத்தி முனை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. சுமார் 60 மில்லி திரவ ஹீலியம்!

இரவு 9.40க்குத்தான் வேலையை நிறுத்தினார்கள். கருவிகளை மட்டுமல்ல, உதவியாளர்களையும் அன்றைக்கு எல்லைவரை கசக்கிவிட்டதாக ஓன்னஸே அறிக்கையில் எழுதினார்.