படைவீரன் குடலில் கிடைத்த மருந்து

முதல் உலகப் போரில் குண்டடியோடு வயிற்றுக்கடுப்பும் வீரர்களை வாட்டியது. 1917-இல், ஜெர்மனியின் பிரைபர்க் நகரத்து மருத்துவர் ஆல்பிரட் நிசில், தோழர்கள் கழிச்சலால் நைந்தபோதும் நோயுறாதிருந்த பால்கன் முனை வீரன் ஒருவனின் மலத்திலிருந்து, ஈ.கோலை இன நுண்ணுயிர் ஒன்றைப் பிரித்தெடுத்தார். முகஞ்சுளிப்போர் சுளிக்கட்டும், நோய்க்கிருமிகளோடு சேர்த்து வளர்த்தபோது அது அவற்றை அடக்கியது. ஜெலட்டின் கூடுகளில் அடைக்கப்பட்டு, ‘மூட்டாபுளோர்’ என்னும் பெயரில் அது மருந்தாயிற்று.

பெருங்குடற் புண் அழற்சிக்கு அது உதவுமா என்னும் முறையான சோதனை அந்நூற்றாண்டின் இறுதியிலேதான் நடந்தது. 2004-இல் வெளியான ஆய்வில் நோய் தணிந்திருந்த 327 பேர் பங்குகொண்டனர். ஒரு சாரார் நிசிலின் நுண்ணுயிரையும், மறுசாரார் வழக்கமான மெசலசின் மருந்தையும் ஓராண்டு உண்டனர். விதிப்படி ஆய்வை முடித்தோருள் நோய் திரும்பியோர், முன்னவரில் நூற்றுக்கு ஏறத்தாழ 36, பின்னவரில் 34. உயிருள்ள கிருமியொன்று மருந்துக்கு நிகராக நின்றது சிறிய செய்தியன்று. எனினும், தணிந்த நோய் திரும்பாமற் காப்பதற்கே இச்சான்று பொருந்தும். கிரோன் நோய்க்கு இத்தகைய உறுதி இல்லை.

இன்னொன்றும் கருதத்தக்கது. உயிரணுவின் மரபிழையைச் சிதைக்கவல்ல கோலிபாக்டின் என்னும் பொருளை ஆக்கும் மரபணுக்களும் இந்த நல்ல நுண்ணுயிரிடம் உள்ளன.