ஒற்றியில் வளர்ந்த பெருங்காணி

பண்டைய வேல்ஸ் நாட்டில் காணி தனியொருவனுக்கு உரியதன்று, குலத்தார்க்கு உரியது. தந்தைக்குப் பின் புதல்வர் யாவரும் அதனைச் சமமாகப் பங்கிட்டனர். அறுதியாக விற்பதற்கு வழக்கம் இடந்தரவில்லை. ஆங்கில மன்னன் முதலாம் எட்வேட் 1284இல் புதுச் சட்டம் வகுத்தபோதும் அப்பங்கீட்டு முறை நிலைத்தது.

ஆயினும் வறுமை, சட்டத்தைக் கேட்டு வருவதில்லை. விற்க இயலாதவன் ஒற்றி வைத்தான். 'பிரீட்' எனப்பட்ட அவ்வுறுதியின் தவணை 4 ஆண்டு; மீட்காவிடின் மேலும் 4 ஆண்டு; மீட்கும்வரை இவ்வாறே தொடரும். பெயரளவில் காணி பழைய குலத்தாரது, விளைச்சலோ பணங்கொடுத்தவனது. மீட்கும் வலியின்றித் தலைமுறைகள் கழிந்தன.

வட வேல்ஸின் மொஸ்ரின் குடும்பத்தார் திருமணத் தொடர்புகளால் ஐந்து குடும்பங்களின் காணிகளை ஒன்றாக்கினர். இத்தகைய ஒற்றிகளாலும் துண்டு துண்டாக நிலஞ் சேர்த்தனர். 1536, 1543ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஆங்கில முறையை நாட்டின. காணி மூத்த மகனுக்கே சென்றது. சேர்ந்த நிலம் பின்னர்ப் பிரியவில்லை.

மொஸ்ரின் குடும்பத்தின் பழைய உறுதிகள் பாங்கர் பல்கலைக்கழகத்திற் பேணப்படுகின்றன. பெருங்காணியின் உரிமையை நாட்டவே அவை எழுதப்பட்டன. எனினும், நிலமிழந்த எளியோர் பலரின் பெயரை இன்று சொல்பவையும் அவ்வுறுதிகளே.